விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

அத்தியாயம் 9

சாரம் பகுதியில் வருஷக்கணக்காகக் குடியிருந்த வீட்டின் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறிய கலைவாணியைப் போன வாரம் பார்த்தோம். திரும்பிப் பார்த்திருந்தாலும் பயனில்லை. அந்த வீட்டுக்கு நாளைக்கே வேறு ஆட்கள் வருகிறார்கள்.

ஐப்பசி மழை விடிய விடியப் பெய்து, கொஞ்சம் ஓய்ந்திருந்தது. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் குறுகலான தெருவில், புது வீட்டு அடுப்பில் கலைவாணி வைத்த பால் பொங்கி வந்தது. எந்தப் பக்கம் வழியப் போகிறது என்று எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கிழக்கே வழிந்தது.

“கெழக்க வழிஞ்சிட்டுது! இனிமே ஒரு கொறயும் வராது” என்று நாத்தனார் ஆதிலட்சுமி கையைத் தட்டினாள். தம்பி வீட்டு விசேஷத்துக்காகத் தவளக்குப்பத்திலிருந்து நேற்றே வந்து, பெருக்கி, மெழுகி, கோலம் போட்டு, ஆளுக்கொரு வேலை ஏவி, வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தாள்.

புது வீடு என்று சொல்கிறோமே தவிர, அது கலைவாணியின் மாமனார் பிறப்பதற்கு முன்னால் கட்டிய வீடு. கீழே பூட்டிய கடை, மேலே ஹாலும் அறையும் சமையற்கட்டும். அந்தத் தெருவில் எல்லா வீடும் அப்படித்தான், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல ஒட்டி ஒட்டி நிற்கும். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு குழந்தை அழும் சத்தம் கேட்ட தெரு. இன்றைக்குப் பாதி வீடு குடோன், மீதி வீடு பூட்டு. ரேஷன் கடை இடம் மாறிவிட்டது. மாவு மில் மூடிவிட்டது. முனையில் இருந்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விட டீச்சர்கள் அதிகம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். கடைகள் சாத்திய பிறகு நாய்களுக்கு மட்டும்தான் அந்தத் தெரு.

கலைவாணி வேலை பார்ப்பது டூரிஸ்ட் தங்கும் விடுதி ஒன்றில். அதுவும் ஒரு காலத்தில் யாரோ குடியிருந்த வீடுதான். யாரோ தூளி கட்டிய உத்தரத்துக்குக் கீழே, முன்பின் தெரியாதவர்களுக்குப் படுக்கை விரித்து விரித்து அவளுக்கு அலுத்துவிட்டது. வேலை முடிந்து இருட்டுகிற நேரத்தில் இந்தத் தெரு வழியாக நடக்கும்போதெல்லாம், ஒரு மாடியிலாவது ஒரு விளக்கு எரியாதா என்று பார்ப்பாள். மனிதர்கள் இருக்கும் தெரு என்று ஒரு விளக்கு சொன்னால் போதும், பயமில்லாமல் நடப்பாள்.

அதனால்தான், பழைய வீடுகளைப் பழுதுபார்த்துக் குறைந்த வாடகைக்குக் குடும்பங்களைக் குடியேற்றப் போகிறேன் என்று வெற்றிச்செல்வன் சொன்னபோது முதல் ஆளாகத் தலையாட்டினாள். வெற்றிச்செல்வன் அவள் கணவன் அன்பழகனோடு ஒன்றாகப் படித்தவன். வீடு கட்டி விற்பதிலும் வாயாலேயே கோட்டை கட்டுவதிலும் கெட்டிக்காரன். கலைவாணி சும்மா இருக்கவில்லை. சாரத்தில் அக்கம்பக்கத்தில் இருந்த நாலு குடும்பங்களிடமும் பேசிச் சம்மதிக்க வைத்தாள். கலைவாணி வீட்டில் பால் பொங்கட்டும், அடுத்த வாரம் நாங்களும் வருகிறோம் என்று அவர்கள் காத்திருந்தார்கள்.

பால் பொங்கிவிட்டது. இனி அன்று இரவு அந்த வீட்டில் படுக்க வேண்டும். பால் காய்ச்சிய வீட்டை அன்றைக்கே பூட்டக்கூடாது என்பது சாத்திரமோ சம்பிரதாயமோ, ஆதிலட்சுமிக்கு அது சட்டம்.

வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டே மேற்குச் சுவர்ப் பக்கம் போன கலைவாணி, டம்ளர் தட்டோடு அப்படியே நின்றாள்.

சுவரில் விரிசல் இருந்தது. அது அவளுக்குத் தெரிந்த விரிசல்தான். மேலே உத்தரத்துக்குப் பக்கத்தில் தொடங்கிக் கோணலாக இறங்கும். தெரியாதிருந்தது வேறு. விரிசலுக்குக் குறுக்கே ஒட்டியிருந்த கண்ணாடியைக் காணோம்.

அந்தக் கண்ணாடியை ஒட்டியவள் இன்ஜினியர் சிவசங்கரி. வெற்றிச்செல்வனிடம் வேலை பார்த்த சின்னப் பெண். விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை விரிசலின் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் பூசி, மேலே தேதி எழுதிவிட்டு அவள் சொன்னது கலைவாணிக்கு அப்படியே நினைவிருந்தது. “அக்கா, விரிசல் பழசா இருந்தா பயமில்ல. ஆனா செவுரு இன்னும் நகருதான்னு நம்ம கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிக்குத் தெரியும். அது வளையாது, ஒடையத்தான் செய்யும். ஒடஞ்சிதுன்னா உள்ள இருக்காதீங்க.”

அதற்குப் பிறகு சிவசங்கரி வரவே இல்லை. பெங்களூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டதாக வெற்றிச்செல்வன் சொன்னான்.

“அண்ணி, இங்க ஒரு கண்ணாடி ஒட்டியிருந்துதே?” என்று கலைவாணி கேட்டாள்.

“அதுவா? நான்தான் பிச்சி எறிஞ்சேன்” என்றாள் ஆதிலட்சுமி, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. “ஒடஞ்ச கண்ணாடிய வீட்ல வச்சிக்கினு யாராச்சும் பால் காச்சுவாங்களா? நல்லவேள, வெடியகாத்தால நான் பாத்தேன்.”

கலைவாணி டம்ளர் தட்டைக் கீழே வைத்தாள்.

“ஒடஞ்சிருந்துதா? நீங்க பிக்கும்போது ஒடஞ்சிதா, முன்னயே ஒடஞ்சிருந்துதா? நல்லா யோசிச்சிச் சொல்லுங்க அண்ணி.”

“ரெண்டா ஒடஞ்சிருந்துதுடி. இன்னா, எதுக்கு இப்பிடி மொறைக்கிற?”

நாத்தனார் என்றால் குறையைத் தேடித் தேடிச் சொல்வாள் என்பார்கள். ஆதிலட்சுமி அப்படியில்லை. குறை கண்ணில் பட்டால் கையோடு பிய்த்து எறிந்துவிடுவாள். வீட்டின் மேல் அவளுக்கு அவ்வளவு அக்கறை. அந்த அக்கறையில்தான் அந்த வீடு சொல்ல வந்ததை வழித்துக் குப்பையில் போட்டுவிட்டாள்.

கலைவாணி கீழே ஓடிப்போய்க் குப்பைக் கூடையைக் கிளறினாள். வாழைச்சருகுக்கும் பூநாருக்கும் நடுவே கிடைத்தது. இரண்டு துண்டு. நடுவில் நேராகப் பிளந்திருந்தது. சிவசங்கரி எழுதிய தேதி ஒரு துண்டில் பாதியும் மறு துண்டில் பாதியுமாக இருந்தது.

அன்பழகன் மாடிப்படியில் நின்று வெற்றிச்செல்வனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். ஊர் ஓரத்தில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மெஷின் ஓட்டும் அவன், இந்த வீட்டுக்கு வர முதலில் சம்மதிக்கவே இல்லை. இங்க காபி குடிக்க ஆள் வரும், குடித்தனம் பண்ண எவன் வருவான் என்று கேட்டவன். ஆனால் வந்து பார்த்த பிறகு ஆளே மாறிவிட்டான். அவன் அப்பா இந்தத் தெரு வழியாகத்தான் காலமெல்லாம் மில்லுக்குச் சைக்கிள் மிதித்தார். மாடி வீடுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போவாராம். இன்றைக்கு அவருடைய படத்தை ஆதிலட்சுமி துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். காலையிலேயே மேற்குச் சுவரில் மாட்டுகிறேன் என்று சுத்தியலை எடுத்தவனை, விசேஷம் முடியட்டும், விளக்கு வைத்த பிறகு மாட்டு என்று அவள்தான் தடுத்தாள்.

கலைவாணி இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

வெற்றிச்செல்வன் முகத்தில் ஒரு கணம் சிரிப்பு நின்று, பிறகு பழையபடி வந்தது. “இதுக்கா தங்கச்சி இப்பிடி வேர்த்துப்போய் நிக்கிற? சாமான் ஏத்தும்போது பீரோ இடிச்சிருக்கும். இல்லன்னா புள்ளைங்க பந்து வெளையாடியிருக்கும்.”

“இங்க பந்து எங்கண்ணே இருக்குது?”

“நல்ல நாளும் அதுவுமா இன்னா கலை இது?” என்றான் அன்பழகன்.

“அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போடுங்கண்ணே. அது சொல்லட்டும்.”

“பெங்களூரு போனதும் நம்பர மாத்திட்டுது. எங்கிட்டயும் இல்ல” என்றான் வெற்றிச்செல்வன். “வுடு தங்கச்சி. உன் மனசு திருப்திக்கு நானே இன்னொண்ணு ஒட்டறேன். சாயங்காலம் வரைக்கும் அது ஒடையலன்னா செவுரு நகரலன்னு அர்த்தம். நிம்மதியாப் படு. போதுமா?”

காருக்குப் போய்த் திரும்பி வந்தான். சிமெண்டைக் குழைத்து, தன் கையாலேயே ஒரு துண்டைக் குறுக்கே ஒட்டினான். பளபளவென்று இருந்தது. பிறகு எல்லோரையும் அந்தச் சுவர் ஓரமாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தான். ‘நகரின் இதயத்தில் மீண்டும் ஒரு குடும்பம்’ என்று எழுதி முகநூலில் போடப் போவதாகச் சொன்னான். மகள் கவிநிலா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஈறு தெரியச் சிரித்தாள். போட்டோவில் கலைவாணி மட்டும் சிரித்திருக்க மாட்டாள்.

அப்போது மின்சாரம் போனது. கீழே ஒலித்துக்கொண்டிருந்த நாதஸ்வரப் பாட்டு பாதியில் நின்றது. அந்த அமைதியில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, கனமான எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது.

அந்தப் பக்கம் இருப்பது சொல்தா கிருஷ்ணசாமியின் வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய மனிதர். அவர் இறந்து, பிள்ளைகள் பிரான்சுக்கே போய்விட, வீடு பூட்டிக் கிடந்தது.

“பூட்டின வீட்ல யாரு?” என்றாள் கலைவாணி.

“பெருச்சாளி” என்றான் வெற்றிச்செல்வன். “பூன சைசுல ஓடுது.”

எல்லோரும் சிரித்தார்கள். பாட்டு திரும்ப வந்தது. பெருச்சாளி எதையாவது உருட்டும், இப்படி இழுக்குமா என்று கலைவாணிக்கு உறுத்தியது. இரண்டு நாளாகச் சுவரடியில் பெருக்கப் பெருக்க விழும் மெல்லிய தூளும் நினைவுக்கு வந்தது. கறையான் என்று ஆதிலட்சுமி சொல்லியிருந்தாள். நம்ப வேண்டும் என்று நினைப்பவனுக்குக் காரணமா கிடைக்காது? கலைவாணியும் நம்பத்தான் பார்த்தாள்.

சாப்பாடு முடிந்து வெற்றிச்செல்வன் கிளம்பினான். மதியமெல்லாம் அவள் அந்தத் துண்டைப் போய்ப் போய்ப் பார்த்தாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. துண்டு அப்படியே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கு மூச்சு சீரானது. பீரோதான் இடித்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நாலு மணிக்கு மேல், சாரத்திலிருந்து குஞ்சம்மாள் வந்தாள். நாலு குடும்பங்களில் மூத்தவள். மற்ற மூன்று குடும்பமும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அறை அறையாகச் சுற்றி வந்து, ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்தாள்.

“ஆளே இல்லாத தெருவா இருக்குதேடி.”

“நாம வந்தா ஆளு வந்துட்டுதுன்னு அர்த்தம்க்கா. நீங்க எதுத்தாப்ல, நாங்க இங்க. ராத்திரி ஜன்னல்ல நின்னே பேசிக்கலாம்.”

“பேசிக்கலாம், பேசிக்கலாம்.” குஞ்சம்மாள் சிரிக்கவில்லை. “பேரப்புள்ளைங்களயும் இட்டுக்கினு வரப்போறேன். எனக்கு இந்த இன்ஜினியரு, பில்டரு எல்லாம் தெரியாது. உன்னத்தான் தெரியும். நம்பி வரலாமா கலை?”

கலைவாணியின் பார்வை சுவருக்குப் போனது. துண்டு முழுசாக இருந்தது.

“வாங்கக்கா” என்றாள்.

குஞ்சம்மாள் அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டுப் போனாள். போகிற வழியிலேயே மற்றவர்களுக்குச் சொல்லியிருப்பாள்.

விளக்கு வைக்கும் நேரம். ஆதிலட்சுமி காமாட்சி விளக்கை ஏற்றினாள். மழை இருட்டில் ஹால் மங்கிக் கிடந்தது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று கலைவாணி ஓர் அகலை ஏற்றி எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனாள். விரிசல் காலையில் இருந்ததைவிட அகலமாக இருந்தாற்போலத் தோன்றியது. அகலைக் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

முதலில் வந்தது வாசனைதான். எண்ணெய் வாசனை இல்லை, கற்பூரமும் இல்லை. பிளாஸ்டிக் தீய்கிற நாற்றம்.

அந்தத் துண்டின் ஓரம் வாட்டிய வாழையிலைபோல மெல்லச் சுருண்டது.

கலைவாணி விரலால் அதன் நடுவில் அழுத்தினாள். வளைந்தது. விட்டாள். நிமிர்ந்தது. போட்டோ பிரேமுக்கு முன்னால் போடுகிற பிளாஸ்டிக் தகடு. சுவர் நகர்ந்தால் அதுவும் கூடவே வளைந்து கொடுக்கும். வீடே சரிந்தாலும் அது மட்டும் உடையாது.

பீரோ இடித்ததென்று வெற்றிச்செல்வன் நிஜமாகவே நினைத்திருந்தால், கண்ணாடி ஒட்ட அவனுக்கு என்ன பயம்?

“எல்லாரும் கீழ எறங்குங்க!” என்று கத்தினாள். “கவி, செருப்பப் போடு. அண்ணி, விளக்கு இருக்கட்டும், வாங்க.”

அன்பழகன் அப்பாவின் படத்தைத் துணியிலிருந்து பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டான். தகட்டைத் தொட்டுப் பார்த்தான். அவன் முகமும் மாறியது. ஆனாலும் அசையவில்லை.

“கண்ணாடி கெடச்சிருக்காது, கைக்குக் கெடச்சத ஒட்டியிருப்பான். வெற்றி எங்கூடப் படிச்சவன் கலை. என் புள்ள தூங்குற வீட்ல ஏமாத்துவானா?”

“ஏமாத்திட்டானே! கண்ணாலதான பாக்குறீங்க?”

“காலையில வச்சிப் பாத்துக்கலாம்.”

“காலை வரைக்கும் செவுரு காத்திருக்குமா?”

“அப்ப எங்க போறது, சொல்லு. சாரத்து வீட்டுச் சாவியக் குடுத்தாச்சு. மழையில புள்ளைய இட்டுக்கினு தெருவுல நிக்கறதா? பால் காச்சுன வீட்டப் பூட்டிட்டு ஓடினாங்கன்னு நாளைக்கி ஊரே பேசும். அந்த நாலு குடும்பமும் அவ்ளதான். அப்பறம் இந்தத் தெருவுக்கு எவனாச்சும் வருவானா? நீதான எங்கிட்ட ஒக்காந்து ஒக்காந்து பேசுன?”

அவள்தான் பேசினாள். அவன் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வார்த்தையும் அவள் சொல்லிக் கொடுத்ததுதான். அதுதான் அவளைக் குத்தியது.

ஆதிலட்சுமி குறுக்கே வந்தாள். காலையில் இருந்த அதட்டல் குரலில் இல்லை. “தம்பி, எனக்கும் ஒருமாதிரி கீது. நான் அதப் பிக்காம இருந்திருந்தா... நாம தவளக்குப்பத்துக்கே போயிடுவோம். பாலு காச்சுனது காச்சுனதுதான். ஒரு ராத்திரி பூட்டுனா சாமி ஒண்ணும் கோச்சிக்காது.”

சட்டத்தை எழுதியவளே சட்டத்தைத் தள்ளி வைத்தாள். ஆனால் அன்பழகன் அசையவில்லை.

“நீங்க போங்கக்கா. புள்ளையும் கலையும் போவட்டும். நான் படுத்துக்கறேன். வீடுன்னா ஒரு ஆளு இருக்கணும்.”

பேசிக்கொண்டு நிற்க நேரமில்லை என்று கலைவாணிக்குத் தோன்றியது. முதலில் பிள்ளையைக் கீழே கொண்டுபோய் நாத்தனாரிடம் விட வேண்டும். பிறகு திரும்பி ஏறி வந்து, சட்டையைப் பிடித்தாவது இவனை இழுத்துக்கொண்டு போக வேண்டும். கவிநிலாவின் கையைப் பற்றினாள். படி இறங்கும்போது, அந்தக் காலத்து மரப்படி ஒன்றொன்றும் முனகியது. காலையில் ஏறும்போது முனகியதா என்று அவளுக்கு ஞாபகமில்லை.

தெருவில் மழை சன்னமாகத் தூறியது. எதிர்க் கடையின் தகர மறைப்புக்குக் கீழே ஆதிலட்சுமியையும் கவிநிலாவையும் நிறுத்திவிட்டுத் திரும்பினாள். அப்போது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“அக்கா, நான் சிவசங்கரி பேசறேன். வெற்றி சார் போட்ட போட்டோவ இப்பதான் பாத்தேன். செவுத்துல இருக்கறது நான் ஒட்டுனது இல்லையே. நான் தேதி எழுதியிருந்தேன். அது எங்கக்கா?”

“ஒடஞ்சிட்டுதும்மா. காலையிலயே.”

“காலையிலயேவா? ஐயோ அக்கா!”

“நீ பெங்களூரு போயிட்டன்னாங்க?”

“நான் எங்கயும் போவல. இதே ஊர்லதான் கீறேன்.” என்றாள் சிவசங்கரி. “பக்கத்து வீட்ல உள்ளாற தேக்கு உத்தரத்த ஒண்ணொண்ணா உருவிக்கினு இருக்காங்கக்கா. கண்ணால பாத்தேன். நிறுத்தச் சொல்லுங்கன்னு சார்கிட்ட சொன்னேன். மறுநாள்லேருந்து வர வேணாம்னு சொல்லிட்டாரு, ஆபீஸ் போனையும் வாங்கிக்கினாரு. உங்க நம்பர் அதுலதான் இருந்துது, இப்பதான் தேடிப் புடிச்சேன். ரெண்டு வீட்டு உத்தரமும் அந்த ஒரே செவுத்துலதான் ஒக்காந்திருக்கு. அந்தப் பக்கம் உருவிட்டா, செவுத்த நிறுத்திப் புடிக்க ஒண்ணுமே இல்ல. மழையில ஊறியும் போச்சு. இப்ப ஒரு சின்ன அதிர்ச்சி கூட ஆவாது. அக்கா, எல்லாரும் வெளியதான இருக்கீங்க? உள்ள யாரும் இல்லையே?”

கலைவாணி நிமிர்ந்து பார்த்தாள்.

தெரு முழுக்க இருட்டு. அந்த ஒரு மாடி ஜன்னலில் மட்டும் விளக்கு எரிந்தது. இந்தத் தெருவில் ஒரு விளக்காவது எரிய வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாளே, அதே விளக்கு.

ஜன்னலுக்குள் அன்பழகனின் நிழல் சுவர்ப் பக்கம் போனது. அவன் கை உயர்ந்தது.

விளக்கு வைத்தாயிற்று அல்லவா? அப்பாவின் படத்தை மாட்டுவதற்கு அவன் ஆணி அடிக்கத் தொடங்கியிருந்தான்.